ஹோல்ட்காம்ப்பின் சேட்டைத் தோய்த்தவள்

தேவராசாவைப் பிடிக்காது என்று பெர்னடெற் ஒருநாளும் சொன்னதில்லை. பிடிக்காமல் போவதற்கும் அந்த மனிசனிடம் ஏதாவது இருக்கவேணுமே என்பது அவளுடைய எண்ணம்.

ஜெர்மனியில் இருந்துவிட்டு வந்த தேவராசாவுக்கு லண்டன் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு பலசரக்குக் கடை. கல்லாவுக்குப் பின்னால் பெரிதாக்கிய படம் ஒன்று தொங்கும்: ஜெர்மனியின் பெயர்போன உதைபந்தாட்டக்காரன் ஹோல்ட்காம்ப், தேவராசாவின் தோளில் கைபோட்டபடி. அரிசி மூட்டையோடு வரிசையில் நிற்கிற சனம் அந்தக் கதையைக் கேட்டுத்தான் வெளியே போகவேணும். "பெடியனுக்குத் தலையாலை பந்தடிக்க, தலைப்பந்து, நான்தான் காட்டிக் குடுத்தது. பெரிய கிளப்புக்குப் போகச் சொன்னதும் நான்தான்" என்பார்.

அந்தப் படம் எடுத்த நாள் பெர்னடெற்றுக்குத் தெரியும். ஜெர்மனியில் சின்ன ஊர் ஒன்றில் அவன் முதலில் ஆடிய கிளப்பின் கோடை விழா. ஊரே வரிசையில் நின்று அவனோடு படம் எடுத்தது. தேவராசா இரண்டு தரம் வரிசையில் நின்றார், முதல் படத்தில் கண் மூடிவிட்டதால்.

1989இல் ஜெர்மனியின் அந்தச் சின்ன ஊருக்கு வந்த பெர்னடெற்றுக்கு, அந்த மூன்றாம் டிவிசன் கிளப்பின் உடுப்புத் தோய்க்கும் லோண்டரியில் வேலை கிடைத்தது. பார்வையாளர் படிகளுக்குக் கீழே, ஜன்னல் இல்லாத அறை. அங்கே பதினொரு வருசம் சேறு கழுவினாள். மாட்ச் நாட்களில் வெளியே பாணுக்குள் இறைச்சிச் சொசிச் வைத்து விற்றவர் தேவராசா. ஒருநாள் கிளப் செக்கிரட்டரி அவரிடம், "இவள் உன்னுடைய ஆளா?" என்று கேட்டார். தேவராசா அவளைத் திரும்பியும் பார்க்கவில்லை. "இல்லை, எனக்குத் தெரியாது" என்றார். பிறகு அவளுக்கு மட்டும் கேட்கத் தமிழில், "அவை வேறை ஆக்கள்" என்றார், சாதியைச் சொல்லாமல் சொல்லி. அன்று அவள் கையில் ஈரத் துவாய்கள் நிறைந்த கூடை. அதை அந்த மனிசனின் தலையில் கவிழ்க்காமல் விட்டதற்கு அவள் இன்றுவரை வருந்துகிறாள்.

ஹோல்ட்காம்ப் பதினெட்டு வயதில் அந்தக் கிளப்புக்கு வந்தான். முதல் வருசம் அவனுடைய விளையாட்டுச் சேட் வாரா வாரம் சுத்தமாகவே வரும், ஆட்டத்தில் இறங்காமல் வெளியே வாங்கில் குந்தியிருந்தவனில் சேறு படுமோ? இரண்டாம் வருசம் சேறும் புல்லுமாக வந்தது, இருபத்தேழு கோல். அதோடு அவனை இரண்டாம் டிவிசன் கிளப் ஒன்று வாங்கியது, பிறகு வடக்கில் ஒரு பெரிய கிளப், அங்கே நாட்டிலேயே அதிக கோல் அடித்தவன் என்ற பெயர். இத்தாலியில் ஒரு வருசம் பெரும்பாலும் வாங்கு. திரும்பி வந்தான், முழங்கால் போனது, 2009 வைகாசியில் ஓய்வு. அவனையும் அவள் பெரிதாக மதிக்கவில்லை. உட்புறம் வெளியே திரும்பிய காலுறைகளை அப்படியே எறிந்துவிட்டுப் போகிறவன்.

அதே வருசம் ஆனி மாதச் சனிக்கிழமை மத்தியானம், பெர்னடெற்றும் லண்டனுக்கு வந்து வேலை செய்துகொண்டிருந்த ஸ்ட்ரெதம் ட்ரை கிளீனிங் கடையில் அவள் அயன் பண்ணிக்கொண்டிருந்தாள். தமிழ் வானொலியில் விளையாட்டு நிகழ்ச்சி. நடத்துபவர் சந்திரவதனா, விருந்தாளி தேவராசா.

"முதல் வருசமே இருபத்தேழு கோல், பிள்ளை. நான் பக்கத்திலை நிண்டு சொல்லிக் குடுத்தனான்."

பெர்னடெற் அயன்பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் போன் எடுத்தாள்.

"ஸ்ட்ரெதத்திலையிருந்து பெர்னடெற் கதைக்கிறன். முதல் வருசம் அவன் ஒரு கோலும் அடிக்கேல்லை. முழுக்க வாங்குதான். இருபத்தேழு அடுத்த வருசம். அவனைப் போகச் சொன்னது கிளப். அவனை வித்த காசிலைதான் சனம் இருக்கிற படிக்குக் கூரை போட்டவை."

"அக்கா, உங்களுக்கு இதெல்லாம் எப்பிடித் தெரியும்?" என்றார் சந்திரவதனா.

அவள் வாய் திறக்குமுன் தேவராசா குறுக்கிட்டார். "உடுப்புத் தோய்ச்ச பொம்பிளைக்குப் பந்தடியைப் பற்றி என்ன பிள்ளை தெரியும்?"

"அண்ணை, அவ உடுப்புத் தோய்ச்சதெண்டு இன்னும் சொல்லேல்லையே."



"என்னைத் தெரியாதெண்டு செக்கிரட்டரிக்குச் சொன்னவர்," என்றாள் பெர்னடெற். "இண்டைக்குத்தான் ஞாபகம் வந்திருக்கு."

சந்திரவதனா அவசரமாக ஒரு நகைக்கடை விளம்பரத்தைப் போட்டார்.

திங்கட்கிழமை தேவராசா ஸ்ட்ரெதத்துக்கே வந்துவிட்டார்.

"தங்கச்சி, ஒரு போன் எடுத்து, ஆள் மாறிப்போச்செண்டு சொல்லிவிடும். கடைக்கு வாற சனம் சிரிக்குது."

"எப்பத்தொட்டு நான் தங்கச்சி?"

"அது அந்தக் காலம்."

"அந்தக் காலத்திலைதானே நீர் அவனுக்குத் தலைப்பந்து காட்டிக் குடுத்தனீர்?"

அவர் கவுண்டரில் கிடந்த ரசீதுப் புத்தகத்தை நேராக்கினார். போகவில்லை. "ஹோல்ட்காம்ப் உம்மோடை கதைச்சவனோ?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஒருக்கா. காற்சட்டையைக் கெதியாக் காய வைக்க ஏலுமோ எண்டு கேட்டவன். உம்மோடை?"

"சொசிச்சுக்குக் கடுகு கொஞ்சம் கூடப் போடச் சொன்னவன்."

பெர்னடெற்றுக்குச் சிரிப்பு வந்தது, இரக்கம் வரவில்லை. "நான் ஒருத்தருக்கும் போன் எடுக்கமாட்டன். கதவைச் சாத்திப்போட்டுப் போம், நீராவி வெளியிலை போகுது."

ஆவணிக்குள் கதை வேறு உருவம் எடுத்துவிட்டது. அந்தக் கிளப்பில் அந்தரித்து வந்த ஒரு தமிழ்ப் பொம்பிளைக்கு லோண்டரி வேலை எடுத்துக் கொடுத்ததே தான்தான் என்று தேவராசா இப்போது சொல்லுகிறாராம். படம் கல்லாவுக்குப் பின்னால் அப்படியேதான் தொங்குகிறது. கேள்விப்பட்ட நாளிலிருந்து பெர்னடெற் அவர் கடைப் பக்கம் போகாமல், பஸ் எடுத்து ரூட்டிங்குக்குப் போய்ச் சாமான் வாங்குகிறாள். அங்கே முருங்கைக்காய் எப்போதும் முற்றல். அதையே வாங்கி வந்து சமைக்கிறாள்.