குழாயக்கா

காலையில் ஆய்வகத்துக்குள் நுழைந்ததும் கைப்பையைக்கூடத் தோளிலிருந்து இறக்க மாட்டார். நேரே குடுவைகள் இருக்கும் அலமாரிக்குப் போய், இடுக்கியால் ஒரு குழாயை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வளைத்துப் பார்ப்பார். மெல்லிய குழாய், இரண்டு முனையும் சுருண்டிருக்கும். வளைந்தால் "ம்" என்பார். ஒடிந்தால், "என்னடா அவசரம் உனக்கு?" என்று அதைத் திட்டுவார். அங்கே மற்றவர்களுக்குக் காலை வணக்கம் அதற்குப் பிறகுதான்.

அவருக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. ஆனால் எல்லோருக்கும் அவர் குழாயக்காதான். சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பைக்குப் போகும் பாதையில் கல் அடைத்து, அதை எடுத்த பிறகு, வழி வீங்கி மூடிக்கொள்ளாமலிருக்க மருத்துவர்கள் ஒரு குழாய் வைப்பார்கள். சில வாரம் கழித்து, திரும்பக் கருவியை உள்ளே விட்டு அதை உருவ வேண்டும். அந்த இரண்டாவது அவஸ்தை யாருக்கும் வேண்டாம் என்பது அக்காவின் பிடிவாதம். வேலை முடிந்ததும் தானே கரைந்து, சிறுநீரோடு போய்விடும் குழாய் ஒன்றை உருவாக்கப் பல வருடமாகப் போராடுகிறார். கரைவதிலும் ஒழுங்கு வேண்டும். "கீழ் முனையிலேர்ந்துதான் கரையணும். நடுவுல உடைஞ்சா துண்டு போய் அடைச்சுக்கும். அதுக்குப் பழைய கல்லே தேவலாம்."

குழாய்களை ஊறப்போட ஆய்வகத்தில் கலக்கும் செயற்கைச் சிறுநீரில் அவருக்கு நம்பிக்கை இல்லை. "அது ரொம்ப நல்ல புள்ள. மனுஷனோடது அவ்வளவு ஒழுங்காவா இருக்கும்?" என்று அசலைத் தேடி அலைவார். கையில் பாட்டிலோடு அவர் வருவது தெரிந்தால் கணக்குப் பிரிவில் பாதி நாற்காலி காலி. "எப்படியும் கொட்டத்தானே போறீங்க? எனக்குக் கொஞ்சம் குடுத்தா கொறஞ்சா போயிடுவீங்க?" கூச்சநாச்சமே கிடையாது.

வீட்டிலும் இதே பேச்சுதான். சாப்பாட்டு மேசையில் அவர் ஆரம்பித்தாலே கணவர் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார். அண்ணன் ஒருவர்தான் வாய் பிளந்து கேட்பார். அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாளெல்லாம் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க மறந்து, கல்லைச் சேர்த்துக்கொண்டவர். "என் தங்கச்சி பண்ற குழாய எடுக்கவே வேணாம், தானா போயிடும்" என்று கற்க வருகிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். அவர்கள் பாவம், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தலையாட்டுவார்கள்.

அண்ணனுக்குக் கல் எடுத்துக் குழாய் வைத்தது கோடையில். சில மாதம் கழித்து, மழை பிடித்துக்கொண்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை குழாயக்கா அவர் வீட்டுக்குப் போயிருந்தார். "இவருக்கு இடுப்புல ஒரே வலி. கேட்டா ஒண்ணுமில்லங்கறாரு" என்றார் அண்ணி.

"குழாய எடுத்தப்புறமுமா வலிக்குது?"

"எடுக்கறதாவது?" அண்ணன் சிரித்தார். "அது எப்பவோ கரைஞ்சிருக்கும். ஆஸ்பத்திரியிலேர்ந்துகூட வரச் சொல்லிக் கூப்பிட்டாங்க. என் தங்கச்சி குழாய்தான், எனக்குத் தெரியும்னு சொல்லி ஃபோன வச்சுட்டேன்."

குழாயக்கா எழுந்துவிட்டார். "அண்ணா, என்னோடது இன்னும் குடுவைய விட்டே வெளிய வரல. உனக்குள்ள இருக்கறது சாதாரணக் குழாய். அது கரையாது."

"நீதானே சொல்லுவ..." என்று ஆரம்பித்த அண்ணன் தங்கையின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். வேறு எந்த வீட்டிலும் இப்படி ஒரு தப்பு நடந்திருக்காது. வாய் ஓயாமல் பேசிப் பேசி நாமே அண்ணனை இதில் கொண்டுவந்து விட்டோமே என்று வழியெல்லாம் மனது அடித்துக்கொள்ள, அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்.

குழாய் மேல் கல் படிந்து, பாதை மூடி, அந்தப் பக்கத்துச் சிறுநீரகம் வீங்கிக் கிடந்தது. கல்லை உடைத்துக் குழாயை எடுத்தார்கள். முதுகு வழியாகச் சிறுநீரகத்திலிருந்து ஒரு வடிகுழாயைக் கொண்டுவந்து, கட்டிலோரம் பையில் விட்டார்கள். "இந்தப் பையில நல்லா வந்துதுன்னா சிறுநீரகம் தப்பிச்சதுன்னு வச்சுக்கலாம். வரலைன்னா அப்புறம் யோசிப்போம்" என்றார் மருத்துவர்.

அண்ணன் மயக்கத்தில் குறட்டை விட்டார். அண்ணி தேநீர் வாங்கி வந்து நீட்டினார், குழாயக்கா வாங்கிக்கொள்ளவில்லை. பை தட்டையாகவே தொங்கியது. ஊர்ப்பட்டவர்களின் சிறுநீரைப் பாட்டில் பாட்டிலாகப் பார்த்தவருக்கு அன்று ஒரு சொட்டுகூடப் பார்க்கக் கிடைக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டது. பார்வையாளர்களைக் கிளம்பச் சொல்லி மணி அடித்தார்கள். அப்போதுதான் வடிகுழாயில் மஞ்சளாக ஏதோ நகர்ந்தது. சொட்டியது. நின்றது. பிறகு நிற்காமல் சொட்டியது.

பையைத் தூக்கக் கூடாது, தூக்கினால் உள்ளே திரும்பிப் போய்விடும் என்று அவருக்குத் தெரியும். அதனால் தரையில் மண்டியிட்டு, குனிந்து, அந்தப் பையின் மேல் தன் கன்னத்தை வைத்துக்கொண்டார்.