பத்தொன்பது மீட்டர் பாவு

நானும் என் நண்பனும் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு ஜவுளிக்கடை மாடியில் உட்கார்ந்து புரோகிராம் எழுதுகிறோம். எங்களுக்குள் ஓயாத சண்டை ஒன்று உண்டு. ஒரு எண்ணுக்குப் பெயர் வைக்கும்போதே அது முழு எண்ணா, தசம எண்ணா என்று பக்கத்தில் எழுதிவிடுவான் அவன். நான் எழுத மாட்டேன். போட்ட மதிப்பைப் பார்த்துக் கம்ப்யூட்டர் மொழியே வகையைக் கண்டுபிடித்துக்கொள்ளும்போது நான் ஏன் விரலை நோகடிக்க வேண்டும்? அவன் வீட்டில் ஜரிகை வியாபாரம். டப்பாவுக்கு டப்பா சீட்டு ஒட்டியிருக்கும். அந்தப் புத்தி விடாது என்று கிண்டல் செய்வேன். எங்கள் நெசவாளர் வீட்டில் ‘ஒரு பாவு’ என்றால் போதும். தறியில் ஏற்றும் அந்த நூல் மூன்று புடவைக்கானது என்று யாரும் விளக்குவதில்லை.

நாங்கள் செய்த செயலியில் பாவின் நீளத்தைப் போட்டால், புடவை ஒன்றுக்கு எத்தனை மீட்டர் என்று கார்டு அச்சடித்துத் தரும். முதல் கார்டு சின்ன காஞ்சிபுரத்தில் என் அக்காவின் தறிக்குப் போனது. அந்தப் பாவில் முதல் புடவை நண்பனின் தங்கைக்கு. நிக்காஹ் புடவை. அரக்கு நிறத்தை முடிவு செய்வதற்குள் அந்தப் பெண் நாலு தடவை வந்து போனாள்.

ஒரு நாள் மத்தியானம், நான் எழுதியதைப் படித்துக்கொண்டிருந்த நண்பன், பத்தொன்பதை மூன்றால் வகுத்தால் வெறும் ஆறா என்று கேட்டான். திரையை எட்டிப் பார்த்தேன். அக்காவின் பாவு நீளத்தைப் பத்தொன்பது என்று மொட்டையாகப் போட்டிருந்தேன். முழு எண் என்று மொழி முடிவுகட்டி, ஆறை மட்டும் வைத்துக்கொண்டு மிச்சம் முப்பத்துமூன்று சென்டிமீட்டரை விழுங்கிவிட்டது. தசம எண் என்று ஒரு வார்த்தை எழுதியிருந்தால் விழுங்கியிருக்காது. ஆறு மீட்டரில் உடுத்த ஐந்தரை போனால் ரவிக்கைக்கு அரை மீட்டர்தான். அதில் கை வைத்துத் தைக்க முடியாது.

பைக்கில் பறந்தோம். அக்கா காலையிலேயே புடவையைத் தறியிலிருந்து அறுத்து மடித்து வைத்திருந்தாள். பிரித்து அளந்தோம்.

ஆறு மீட்டர் முப்பத்துமூன்று.

“கார்டுல ஆறுன்னு இருந்துச்சு,” என்றாள் அக்கா. “கல்யாணப் பொண்ணு கையில்லாத ரவிக்கையா போடும்? அதான் பாவுல நானே மூணு பங்கா குறி வெச்சிக்கினேன்.”

எனக்கு உயிர் வந்தது. சொல்லாமலே புரிந்துகொள்வது என்றால் இதுதான் பார் என்று நண்பனைச் சீண்ட வாய் துடித்தது. அக்கா முந்திக்கொண்டாள்.

“இன்னும் ரெண்டு பொடவை இருக்குதுப்பா. அதுக்கும் நானே கண்டுபுடிச்சிக்கணுமா, இல்ல நீ எழுதித் தர்றியா?”

நண்பன் அப்போதுதான் சிரித்தான். தறிக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். தோற்றுப்போன எரிச்சல் கொஞ்சமும் இல்லை. சந்தோஷமாகவே எழுதினேன். அந்த ஒரு வார்த்தையைத் தட்டி முடித்ததும் அக்கா எட்டிப் பார்த்து, இவ்வளவுதானா என்று கேட்டாள்.