செல்லத்தாய் எடுத்த வெள்ளை ஓடு

குரங்கணியில் மழைச் சேதத்தைப் பார்த்துவிட்டு நான் இறங்கும் வழியில், எதிரே வந்த ஜீப்பை நிறுத்தி அதன் டிரைவர் சொன்னார்: "அண்ணே, கிளப்புக் கடை அக்கா காலைல தவறிப் போயிருச்சு."

போடி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய அந்தச் சாப்பாட்டுக் கடையில் சாப்பிட்டவர்களுக்கு, அதை நடத்திய செல்லத்தாயைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. அடுப்படிச் சுவரில் பதிக்க அவர் ஓடு தேர்ந்தெடுத்தது மட்டும் சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம்.

புகையில் ஊறிய சுவர்ப் பூச்சு உதிர்ந்து குழம்பில் விழ ஆரம்பித்திருந்தது. மாதிரிக்கு மூன்று ஓடுகள் வந்திருந்தன: பூப்போட்ட சிவப்பு, கரும்பச்சை, செங்கல் வடிவில் வெள்ளைப் பீங்கான். செல்லத்தாய் தோசைக்கல்லின் அடிக்கரியை எண்ணெயில் குழைத்து மூன்றிலும் தடவினார். சிவப்பு எண்ணெயைக் குடித்துக்கொண்டது. பச்சையில் கரி இருப்பதே தெரியவில்லை. "மறைக்கிற சுவரு எனக்கு எதுக்கு? அழுக்கு தெரிஞ்சாத்தானே தொடைக்கலாம்" என்று வெள்ளையை எடுத்து வைத்தார்.

கட்டடம் அவருடைய கொழுந்தன் முத்தையாவின் பெயரில் இருந்தது. "மதினி, நம்ம பிள்ளையைப் பொண்ணு பாக்க வர்ற நேரத்துல அடுப்படிக்கு வெள்ளையா? ஆகாது. சிவப்பைப் போடுங்க" என்றார் அவர்.

செல்லத்தாய் தன் வெள்ளைச் சீலை முந்தானையில் கையைத் துடைத்தார். "இதை எனக்கு உடுத்திவிட்டப்ப யாரும் என்னைக் கேக்கல அப்பு. சுவருக்காச்சும் நான் சொல்றேன். பொழுதன்னைக்கும் அது முன்னால நிக்கிறது நான்தானே."

முத்தையா வெளியே போய், உள்ளே கேட்கும்படி கொத்தனாரிடம் சொன்னார்: "கல்யாணம் நின்னா மதினிதான் பொறுப்பு." செல்லத்தாய்க்கும் பயம் இருந்தது. மகளுக்கு ஏற்கெனவே ஒரு வரன் தட்டிப்போயிருந்தது. ஆனாலும் ஓட்டை மாற்றவில்லை.

ராசிங்காபுரத்திலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாயார் நேரே அடுப்படிக்குள் நுழைந்தார். "என்னம்மா இது, ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு?"

முத்தையா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா சம்பந்தி. பசின்னு வர்றவுக குணமாகித்தான் போறாக" என்றார் செல்லத்தாய்.

"இன்னும் தாம்பூலமே மாத்தல, அதுக்குள்ள சம்பந்தியா?" என்று சிரித்த அந்த அம்மாள், அடுப்புக்கு மேல் ஓட்டில் விரலை இழுத்துப் பார்த்தார். விரல் சுத்தமாக இருந்தது. சம்மதம் இல்லாமல் பெண் வீட்டில் சாப்பிடுவது வழக்கமில்லை. அவர் சொன்னார்: "இலையைப் போடுங்க, கை நனைச்சிருவோம்."

பிறகு கடைத்தெரு முழுக்க, அந்த ஓட்டைத் தானே பார்த்து எடுத்ததாக முத்தையா சொல்லிக்கொண்டிருந்தார். செல்லத்தாய் மறுத்ததில்லை. "சொல்லட்டும். தொடைக்கவும் வெரசா வரச் சொல்லுங்க" என்பார்.

வீடு கட்டுகிறேன் என்று யாராவது சொன்னால், அடுப்படியில் நிற்கப்போகிறவரைக் கேட்டீர்களா என்று என் வாயில் வந்துவிடுகிறது. செல்லத்தாயிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அந்தக் கேள்வி.