ஈரச் சுவரும் பெண் பார்க்க வந்தவர்களும்

என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த வாரத்தில்தான் கண்மாய் நிறைந்து எங்கள் வீட்டுக்குள் வந்தது. மதுரையின் வடக்கு ஓரத்தில் இருக்கிறது வீடு. நாங்கள் இறங்கும் பஸ் ஸ்டாப்பின் பெயரே மடை. அப்பா அதை ஒரு பெயராக மட்டுமே எடுத்துக்கொண்டிருந்தார். மிஷன் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளை வீட்டார் போனில் ஏரியாவைப் பற்றி விசாரித்தபோது, “எம்புட்டு மழை பெஞ்சாலும் நம்ம பக்கம் தண்ணி வராதுங்க” என்று சொல்லியிருந்தார்.

மாடி வீட்டுக்காரர்களிடம் அடைக்கலமாக இருந்துவிட்டு, தண்ணீர் வடிந்ததும் இறங்கி வந்தோம். ஹாலில் வழவழவென்று சேறு படிந்திருந்தது. சோபா கிழக்கிலிருந்து மேற்கே போயிருந்தது. இலவம்பஞ்சு மெத்தை குடிக்க முடிந்ததையெல்லாம் குடித்துவிட்டு எருமை மாதிரி படுத்துக் கிடந்தது. நானும் அம்மாவும் அதை மொட்டை மாடிக்கு இழுத்தோம். ஒவ்வொரு படியிலும் அது கொஞ்சம் தண்ணீர் விட்டது.

“வாரவங்கள அடுத்த மாசம் வரச் சொல்லுங்க” என்றாள் அம்மா.

“என்னன்னு சொல்லி? தண்ணி வந்துருச்சுன்னா?” என்றார் அப்பா.

எனக்கு முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு எடுத்துக்கொண்டிருந்தேன். முன்பு வந்தவர்கள் கேசரி சாப்பிட்டு, தகவல் சொல்வதாகச் சொல்லிப் போயிருந்தார்கள். இவர்களையும் தள்ளிப்போட அம்மாவுக்கே மனமில்லை. அதனால் வீட்டைக் காய வைப்பதென்று முடிவானது.

தென்னை விளக்குமாற்றால் சேற்றைத் தள்ளினோம். பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவினோம், மறுபடி கழுவினோம். ஃபேன்களை நிறுத்தவே இல்லை. வாடைக்குச் சாம்பிராணி போட்டதில், சாம்பிராணி போட்ட கண்மாய் வாடை வந்தது. தரை காய்ந்துவிட்டது. சுவர் காயவில்லை. முழங்காலுக்கு மேலே சுற்றிலும் ஒரு பழுப்புக் கோடு நின்றது.

அப்பா கொஞ்ச நேரம் கோட்டையே பார்த்தார். பிறகு, கேட்டுக்கு அடித்து மிச்சமிருந்த சாக்லேட் நிற பெயிண்டை எடுத்து, கோடு வரைக்கும் சுவரில் அடித்தார்.

“கீழ ஒரு கலர், மேல ஒரு கலர். இப்ப அதான் பேஷன்.”

ஈரச் சுவரில் பெயிண்ட் பிடிக்காது என்று அறிவியல் ஆசிரியருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நாங்கள் வந்தபோதும் அது தொட்டால் கையில் ஒட்டிக்கொண்டுதான் இருந்தது.

அன்று மதியமே திருமங்கலம் பக்கத்துக் கிராமத்திலிருந்து மாப்பிள்ளையும் அவருடைய அப்பா அம்மாவும் வந்தார்கள். அவர் அப்பா விவசாயி. மாப்பிள்ளை கூட்டுறவு வங்கியில் கிளார்க். சோபா மாடியில் காய்ந்துகொண்டிருந்ததால் பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார வைத்தோம். மாப்பிள்ளையின் அம்மா நாற்காலியைச் சற்றுப் பின்னால் நகர்த்தினார். அவர் சேலையில் ஒரு சாண் அகலத்துக்குச் சாக்லேட் நிறம் ஏறியது. பதறிப்போய் அதைத் தொட்டுப் பார்த்த மாப்பிள்ளைக்குக் கையெல்லாம் பெயிண்ட். கை கழுவ பாத்ரூமுக்குப் போனார்.

பாத்ரூம் கதவு தண்ணீரில் ஊதியிருந்தது. அதை முழுக்கச் சாத்தக் கூடாதென்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். விருந்தாளியிடம் சொன்னால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அவர் மரியாதைக்காரர், நன்றாகச் சாத்திவிட்டார்.

வெகு நேரம் ஆகியும் ஆளைக் காணோம். அம்மா என்னைப் பார்த்தாள். நான் போய்க் கதவருகே நின்றேன்.

“உள்ள இருக்கீங்களா?”

“இருக்கேன். கைப்பிடி கையோட வந்துருச்சு.”

“அந்தக் கதவு கொஞ்சம் இறுகும்.”

“தெரியுது.” சற்றுப் பொறுத்துக் கேட்டார். “தண்ணி எம்புட்டு வந்துச்சு?”

ஹாலில் அப்பா வடிகால் வசதியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

“முழங்காலுக்கு மேல” என்றேன்.

“உங்கப்பா வரவே வராதுன்னாரு.”

“அவர் அதை நம்பித்தான் சொன்னாரு.”

“இங்க கோடு அப்படியே தெரியுதே. இதுக்குப் பெயிண்ட் அடிக்கலையா?”

“தீந்துபோச்சு.”

உள்ளே அவர் சிரித்தது கேட்டது. “நீங்க என்ன பாடம் எடுக்குறீங்க?”

“கணக்கு.”

“எனக்குக் கணக்கு வராது. வேலை பேங்க்ல.”

அதற்குள் இரண்டு அப்பாக்களும் வந்துவிட்டார்கள். “புதுக் கதவு, அதான்” என்றார் என் அப்பா. மாப்பிள்ளையின் அப்பா வேட்டியை மடித்துக் கட்டி, “தள்ளி நில்லுடா” என்று குரல் கொடுத்துவிட்டுத் தோளால் இடித்தார். என் அப்பாவும் சேர்ந்து இடித்தார். கதவு கீலோடு பெயர்ந்து வாளியின் மேல் விழுந்தது. மாப்பிள்ளை கைப்பிடியோடு மூலையில் நின்றுகொண்டிருந்தார்.

பிளந்த பலகையிலிருந்து கலங்கல் தண்ணீர் வழிந்தது. மாப்பிள்ளையின் அப்பா குனிந்து விரலால் தொட்டு முகர்ந்தார்.

“கண்மாய்த் தண்ணி” என்றார்.

அப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

“ஆமாங்க. வந்துருச்சு” என்றார் அப்பா, மெதுவாக.

“இதைப் போய் எதுக்கு சார் மறைக்கிறீங்க? எங்க ஊர்க் கண்மாய் நெறஞ்சு எத்தனையோ வருசமாச்சு. தண்ணி எந்தப் பக்கமா வந்துச்சு? வாங்க, பாப்போம்.”

இருவரும் கண்மாய்க் கரைக்குக் கிளம்பிப் போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவின் சேலையை வாங்கிக் கட்டிக்கொண்டு, தன்னுடையதை மண்ணெண்ணெயில் நனைத்துத் தேய்த்தார். பிறகு மாடிக்குப் போய் மெத்தையை ஒரு விரலால் அழுத்தினார். “பிரிச்சுப் போடாம இது காயாது” என்று அரிவாள்மனை கேட்டார். மாப்பிள்ளை ஒரு முனையைப் பிடித்துக்கொள்ள, நான் தையலை அறுத்தேன். பஞ்சைப் பழைய போர்வைகளில் உதிர்த்துப் பரப்பினோம். அவர் தலையிலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. நான் சொல்லவில்லை. கேசரியைப் பஞ்சுக்கு நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

கிளம்பும்போது தகவல் சொல்வதாக யாரும் சொல்லவில்லை. “பஞ்சு காஞ்சதும் சொல்லுங்க. எங்க பக்கம் மெத்தை தைக்க ஆள் இருக்கு” என்றார் அவர் அம்மா. இது சம்மதமா இல்லையா என்று அம்மா ராத்திரி சாப்பாடு வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாப்பிள்ளையே போன் செய்தார்.

“கதவு போட்டாச்சா?”

“இல்ல. படுதா கட்டியிருக்கோம்.”

“எனக்குச் சம்மதம். உங்களுக்கு?”

சுவர் இன்னும் காயவில்லை என்றேன்.

“அது தை மாசம் வரைக்கும் காயாது. அதுவரைக்கும் யோசிப்பீங்களா?”

அவ்வளவு வேண்டாம் என்றேன்.

கல்யாணம் வைக்காத லெந்து நோன்பு நாட்கள் தொடங்குவதற்கு முன்பே கல்யாணம் நடந்தது. வெளியூரிலிருந்து வந்த உறவினர்களை அப்பா சாப்பிட்ட கையோடு கண்மாய்க் கரைக்குக் கூட்டிப்போனார். தண்ணீர் எங்கே உடைத்தது, எப்படித் திரும்பியது என்று நின்று விளக்கினார். மாப்பிள்ளையின் அப்பா, அவர் விட்டதையெல்லாம் எடுத்துச் சொன்னார்.