பட்டு அங்கிக்குப் பதில் இரும்புச் சட்டை

போன ஞாயிறு பிற்பகல், ஓர் அரக்கனோடு சண்டை போட்டுக்கொண்டிருந்த என் மதினி காளீஸ்வரி, பாதியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்.

பதற வேண்டாம். அரக்கன் செல்போனுக்குள் இருந்தான். குடம்தான் நிஜம்.

நாங்கள் நான்கு பேர் ஓர் அணி. அருப்புக்கோட்டையில் நான், அதே ஊரில் பருப்புக் கடை வைத்திருக்கும் நண்பன் பாலமுருகன், காரியாபட்டியிலிருந்து மதுரைக்கு வேலைக்குப் போய்வரும் ரமேஷ், திருச்சுழியில் இருக்கும் என் அண்ணன் மனைவி காளீஸ்வரி. தை மாதத்திலிருந்து ஓர் ஆன்லைன் கேமில் சேர்ந்து விளையாடுகிறோம். பாலமுருகன் மாசி என்பான். தைதான். கரும்பைக் கடித்துக்கொண்டே பெயர் பதிந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அந்த விளையாட்டில் ஆளுக்கொரு வேடம். பாலமுருகன் வாள்வீரன். நான் வில்லாளி. ரமேஷ் நெருப்பு மந்திரவாதி. மதினி மட்டும் ‘ஹைப்ரிட்’ — பாதி வைத்தியம், பாதி அடிதடி. எங்களுக்குக் காயம் பட்டால் ஆற்றுவார். நேரம் கிடைத்தால் எதிரியை நாலு சாத்தும் சாத்துவார்.

இப்படிப்பட்ட வேடத்துக்கு என்ன உடுப்பு, எந்த ஆயுதம் என்று சொல்லிக்கொடுக்க நூறு வீடியோ இருக்கிறது. எல்லாம் ஒன்றையே சொல்கின்றன: வைத்தியருக்குப் பட்டு அங்கி. அங்கி போட்டால் மந்திர சக்தி கூடும். இரும்புச் சட்டை போட்டால் அடி தாங்கும். ஆனால் மந்திரம் பாதியாகிவிடும்.

மதினி போட்டிருந்தது என்ன? மேலுக்கு இரும்புச் சட்டை, ஒரு கையில் வைத்தியக் கோல், இன்னொரு கையில் கேடயம், காலில் துணிச் செருப்பு.

“என்னக்கா இது, கல்யாண வீட்டுக்கு ஹெல்மெட்டு மாட்டிட்டு வந்த மாதிரி?” என்றான் பாலமுருகன்.

“நீ பருப்பு மூடைக்கு நடுவுல உக்காந்து வாள் சுத்துறவன். எனக்கு உடுப்பு சொல்ல வந்துட்டியாக்கும்?”

சிரிப்போடு போயிருந்தால் பரவாயில்லை. ஏரி அரக்கன் என்று ஒருவன் அடுத்த கட்டத்துக்குப் போகும் வழியை மறித்துக்கொண்டு நின்றான். இந்த வைத்தியத்தை வைத்துக்கொண்டு அவனை வெல்ல முடியாது என்று பாலமுருகன் முடிவு செய்துவிட்டான். சென்னையில் ஒரு பையனிடம் பேசியும் வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமைக்குள் மதினி அங்கிக்கு மாற வேண்டும். இல்லையென்றால் அவர் இடத்தில் அந்தப் பையன்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அண்ணன் வீட்டு விஷயம் வேறு. மதினிக்குப் போன் போட்டேன். விளையாட்டுதானே, விட்டுவிடுங்கள் என்று சொல்லிப் பார்த்தேன்.

“வீட்டுல நான் தொண்டை கிழியக் கத்துனாலும் ஒருத்தரும் திரும்பிப் பாக்குறதில்ல தம்பி. இங்கன நான் இல்லேன்னா மூணு பேரும் செத்துப்போறீக. அத எப்படி விட்டுட்டுப் போக?”

போனை வைத்துவிட்டு அறைக்குள் நடந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி நடந்தேன்...

ஞாயிறு வந்தது. மதினி பட்டு அங்கியில் வந்து நின்றார். சண்டை தொடங்கியது. நிஜமாகவே வைத்தியம் அமோகம். ஏரி அரக்கன் பாதிக்கு மேல் தளர்ந்துவிட்டான். தளர்ந்ததும் அவன் வெள்ளத்தை ஏவுவான். உடனே பாறை மேல் ஏறிவிட வேண்டும். வீடியோவில் இதைப் பார்த்து வைத்திருந்த பாலமுருகன் மைக்கில் கத்தினான்.

“தண்ணி வருது, தண்ணி வருது!”

திருச்சுழிப் பக்கத்து ஆளிடம் சொல்லக்கூடிய வார்த்தையா அது? மதினி தெருவில் குடிதண்ணீர் ஐந்தாறு நாளுக்கொரு முறைதான் வரும். எப்போது என்று யாருக்கும் தெரியாது. போன் தரையில் விழும் சத்தமும் குடங்கள் ஒன்றோடொன்று இடிக்கும் சத்தமும் எங்கள் காதில் கேட்டன. பட்டு அங்கி முதல் அலையிலேயே போய்விட்டது. வைத்தியர் போனபின் நாங்கள் எம்மாத்திரம்?

மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். “எங்கனப்பா தண்ணி வருது? கொழாய்ல காத்துதான் வருது.”

ரமேஷ் சிரித்தான். பாலமுருகன் சிரிக்கவில்லை. “விளையாட்டுல இருக்கும்போது எந்திரிச்சுப் போகலாமாக்கா?”

“போகாம? நிசமாவே வந்தா எவ எனக்குப் பிடிச்சு வைப்பா? அதுக்குத்தான இரும்புச் சட்டை போட்டேன். நான் போயிட்டு வார வரைக்கும் அது தாங்குமே.”

ரமேஷின் சிரிப்பு நின்றது.

திருச்சுழிப் பக்கம் மிளகாய்ப் பழம் எடுக்கப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் வீட்டு ஆண்களின் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். அது பொருந்தவில்லை என்று இதுவரை யாராவது சொன்னதுண்டா? உடுப்பு, உடுத்துகிறவர் நிற்கிற இடத்துக்குத்தானே பொருந்த வேண்டும்? அந்த வீடியோக்காரர்களின் கணக்கு தப்பில்லை. அவர்கள் வீட்டில் எந்நேரமும் குழாயில் தண்ணீர் வரும் போலிருக்கிறது — அவ்வளவுதான்.

“இன்னொரு தடவ பாப்போம். உங்க இஷ்டத்துக்கே போடுங்க,” என்றான் பாலமுருகன். குரலில் நம்பிக்கை இல்லை. மதினி இரும்புக்கு மாறினார்.

இந்த முறை வைத்தியம் சுமார்தான். தட்டுத்தடுமாறி அரக்கனைத் தளர்த்தினோம். வெள்ளம் வரும் நேரம். பாலமுருகன் வாய் திறப்பதற்குள், மதினியின் மைக்கில் வேறொரு பெண்ணின் குரல் கேட்டது.

“ஏ காளீசு, தண்ணி வந்துருச்சுடீ.”

போன் விழுந்தது.

நாங்கள் மூவரும் பாறை மேல். மதினியின் வேடம் மட்டும் கீழே, ஆளில்லாமல், அசையாமல். வெள்ளம் அடித்தது. நின்றது. அரக்கன் எங்களை விட்டுவிட்டுக் கைக்கெட்டிய அந்த இரும்புச் சட்டையைப் போட்டு அடித்துக்கொண்டே இருந்தான். நாங்கள் அவன் முதுகில் எங்களால் ஆனதை எல்லாம் இறக்கினோம். மதினியின் உயிர்க்கோடு சிவந்து, தேய்ந்து, நூலாகி... அரக்கன் சாய்ந்தான்.

ஒருவரும் கூச்சல் போடவில்லை. மைக்கில் தூரத்துத் தண்ணீர்ச் சத்தத்தைக் கேட்டபடி காத்திருந்தோம்.

மதினி வந்து போனை எடுத்ததும் பாலமுருகன் கேட்ட முதல் கேள்வி: “எல்லாக் கொடமும் நெறஞ்சிருச்சாக்கா?”

“கடைசிக் கொடம் அரைதான். செத்துட்டனா, இருக்கனா?”

“இருக்கீக. அந்த மெட்ராஸ் பையன்ட்ட ஆள் வேணாம்னு சொல்லிட்டேன்.”

“சரி. இனிமே தண்ணி தண்ணின்னு கத்தாத. மனுசிக்கு நெஞ்சு படபடன்னு வருது.”

யோசித்து வேறு வார்த்தை தேர்ந்தெடுத்தோம். வெள்ளம் வந்தால் இனி ‘அலை’ என்று கத்துவது என்று முடிவு.

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவே அந்த வார்த்தையைக் கேட்டு யாரும் எழுந்து ஓட மாட்டார்கள்.