என் மகளின் வயிற்றுவலியைக் கேட்ட மிஸ்ஸி

போன திங்கட்கிழமை நான் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு ஜெஸீமா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "காரைதீவு மிஸ்ஸி மவுத்தாம் புள்ள. நெஞ்சு நொந்திரிக்கி. ஆசுபத்திரிக்குக் கொண்டுபோக முந்தியே முடிஞ்சி போச்சாம்." சாவுச் செய்திக்கு நாம் ஓதும் இன்னாலில்லாஹி என் வாயில் வந்துவிட்டது. மிஸ்ஸி கோயிலுக்குப் போகிறவர். அவருக்கு அதைச் சொல்லலாமா என்று தெரியவில்லை. சொன்னதைத் திருப்பி எடுக்கவும் மனம் வரவில்லை.

நமது வீதித் தாய்மாருக்கு அவரைப் பற்றி நான் சொல்லித்தரத் தேவையில்லை. குடும்பநல உத்தியோகத்தராக நம் பிள்ளைகள் எல்லோரையும் தராசில் ஏற்றி இறக்கியவர். அவருடைய ஸ்கூட்டிச் சத்தம் கேட்டாலே கிளினிக் அட்டையைத் தேடுவோம். "புள்ளைக்கு முட்டை குடுக்கிறயா, இல்ல முட்டைக் கதை மட்டும்தானா?" என்று கேட்பார்.

என் கணவரைப் போதைப்பொருள் வழக்கில் பிடித்துச் சிறையில் போட்டபோது மகள் ஸைனபுக்கு நாலு வயது. "வாப்பா கட்டாருக்குப் போயிட்டாரு" என்றேன். நமது ஊரில் யாருடைய வாப்பாதான் கட்டாரில் இல்லை? பொய் போலவே இருக்கவில்லை. நம்பட்டும் என்று கல்முனைக் கடையில் வெளிநாட்டுச் சொக்லட் வாங்கி, வாப்பா அனுப்பினார் என்று கொடுப்பேன்.

அவளுக்கு வயிற்றுவலி தொடங்கியது. சோற்றைக் கண்டால் வாயை மூடிக்கொள்வாள். பாயை நனைத்தாள். பூச்சி மருந்து கொடுத்தோம், ஓதிய தண்ணீர் கொடுத்தோம், ஆசுபத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். ஒன்றுமில்லை என்றார்கள். ஒன்றுமில்லாமல் ஒரு பிள்ளை எப்படி இளைக்கும்? அட்டையில் நிறைக்கோடு இறங்கிக்கொண்டே போனது.

மிஸ்ஸி வீட்டுக்கு வந்தார். அரிசி வாளிக்குப் பின்னால் சொக்லட் எல்லாம் உருகிக் கிடந்ததைக் கண்டார். பாயில் மகளுக்குப் பக்கத்தில் இருந்தார்.

"ஏன் மகள் தின்னல்ல? எனக்காவது தந்திரிக்கலாமே."

நான் வாயைத் திறக்க, மிஸ்ஸி கையைக் காட்டி அடக்கினார். ஸைனப் சொக்லட்டைத் தள்ளிவிட்டாள்.

"இது வாப்பா அனுப்பினதில்ல. வாப்பாக்கு விலங்கு போட்டு ஜீப்புல ஏத்தினாங்க. ஜன்னலால பாத்தன்."

"உம்மாக்கிட்ட ஏன் சொல்லல்ல?"

"சொன்னா உம்மா அழுவா."

அவளுக்காக நான் பொய் சொன்னேன். எனக்காக அவள் அதை நம்புவதுபோல் இருந்திருக்கிறாள். எத்தனை மாதம்!

"நீ மறைக்கிறாய் எண்டு அவளுக்குத் தெரியும்," என்றார் மிஸ்ஸி. "என்னத்துக்கு எண்டு தெரியாமத்தான் வயிறு நோகுது. கூட்டிக்கொண்டு போய் வாப்பாவைக் காட்டு." என் தம்பி கத்தினான்: "அந்த இடத்துக்குப் புள்ளையக் கொண்டுபோறதா? ஒனக்குப் பைத்தியமா ராத்தா?" போனேன். கம்பிவலைக்கு அப்பால் வாப்பாவைக் கண்டு அழுதாள். வீட்டுக்கு வந்து இரண்டு தரம் சோறு கேட்டாள்.

வயிற்றுவலி குறைந்தது. ஆனால் இப்போது இரத்தம் வர நகம் கடிக்கிறாள். பாலர் பாடசாலையில் ஒரு பிள்ளை "ஹபுசுக்காரன்ட மகள்", சிறைக்காரன் மகள் என்று ஏசியதும் இரண்டு நாள் காய்ச்சல். நான் செய்தது சரிதானா என்று மிஸ்ஸியிடம் கேட்டேன். "எனக்கும் முழுசாத் தெரியாது புள்ள. அவளத் தனியச் சுமக்க உடாத, அவ்வளவுதான்" என்றார். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. இன்னும் கேட்க நினைத்திருந்தேன். இனி யாரிடம் கேட்பது?

நேற்று ஸைனப் கேட்டாள்: "மிஸ்ஸி ஏன் வாறல்ல?"

வேறு ஊருக்கு மாற்றம் என்று சொல்ல நா நுனிவரை வந்தது. "மவுத்தாப் போயிட்டா மகள்" என்றேன்.

என் முகத்தையே பார்த்தாள். "அழப் போறீங்களா உம்மா?"

"ஓம்."

அழுதேன். அவள் வந்து மடியில் இருந்தாள். மிஸ்ஸி எனக்கு விட்டுப்போனது இவ்வளவுதான்: என் பிள்ளைக்கு முன்னால் எனக்கு அழ முடிகிறது.