எண்ணெயைக் கழுவிய பிறகும் அவர் இருந்தார்

பிரியமானவர்களே, என் அடிவயிற்றில் தோல் செத்துப்போனது. அங்கிருந்தே தொடங்குகிறேன். வேறு எங்கிருந்து தொடங்கினாலும் என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்ளத் தோன்றும்.

போன வருடம், அக்னி நட்சத்திரம் முடிந்த வாரம். வயிற்றில் தொங்கிய தோலை வெட்டித் தைக்கும் அழகு அறுவை சிகிச்சை செய்துகொண்டு ஊரப்பாக்கம் வீட்டில் படுத்திருந்தேன். தையலுக்கு மேலே உள்ளங்கையளவு இடம் முதலில் ஊதாவானது. பிறகு சாம்பல். பிறகு, கல்லில் மறந்துபோன தோசையின் விளிம்பு மாதிரி கறுப்பு. தொட்டால் தெரியவில்லை. என் உடம்பிலேயே எனக்குச் சொந்தமில்லாத ஓர் இடம்.

நான் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக்கொடுப்பவள். சர்க்கரை நோய்க்குப் பயந்து நடந்து நடந்து உடம்பைக் குறைத்தேன். உடம்பு குறைந்தது, தோல் குறையவில்லை. மடிந்து தொங்கியது. வெயில் காலத்தில் அந்த மடிப்புக்குள் புண். புடவைக்குள் ஈரச்சாக்கைக் கட்டிக்கொண்டு வகுப்பில் நிற்பது போலிருக்கும். அதை எடுத்துவிட ஆசைப்பட்டேன். கண்ணாடியில் நன்றாகத் தெரிய வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன். அந்த ஆசையைப் பாவம் என்று அறிக்கையிடச் சபையில் சொன்னார்கள். அறிக்கையிடவில்லை. இன்றும் மாட்டேன்.

ஆனால் ஒன்று உறுத்தியது. செய்யூர்ப் பக்கம் அடுத்தவர் கொல்லையில் வேர்க்கடலை பிடுங்கிய குடும்பம் எங்களுடையது. அம்மாவின் வயிறு முதுகோடு ஒட்டிக்கிடந்ததைப் பார்த்து வளர்ந்த நான், வயிற்றில் மிஞ்சியதை வெட்டிப்போடச் சொல்லி மேசையில் படுத்தேன். மயக்கம் தெளிந்ததும் முதலில் அம்மா ஞாபகம்தான் வந்தது. அழுதேன். வலியில் அழுவதாக நர்ஸ் நினைத்துக்கொண்டாள்.

கறுத்த இடத்தை டாக்டர் அழுத்திப் பார்த்தார். அங்கே ரத்த ஓட்டம் போதவில்லை, சர்க்கரையும் சேர்ந்துகொண்டது என்றார். ஊசி, மருந்து, கட்டு எல்லாம் நடக்கும். கூடவே ஆக்சிஜன் தெரபியும் கொடுத்துப் பார்க்கலாம், விளிம்பு பிழைக்க அது துணைசெய்யும். பிழைக்காவிட்டால் அழுகியதையெல்லாம் வெட்டியெடுத்துவிட்டுத் தொடைத் தோலை உரித்து ஒட்ட வேண்டும். மறுபடியும் கத்தி. அதற்கு என் உடம்பு தாங்குமா என்று கேட்டேன். அவர் கையுறையைக் கழற்றினார்.

என்னைப் பார்த்துக்கொள்ள ரோஸ்லின் அண்ணி வந்தார். என் கணவர் எட்வினுக்கு அக்கா. மாமல்லபுரம் பக்கத்தில் கடலோரமாக இருக்கும் எங்கள் சபையில் பெண்கள் ஜெபக்குழுவை நடத்துகிறவர். வந்த அன்றே கட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"புள்ள பெத்த வயிறு தொங்காம இன்னாடி பண்ணும்? கத்திய நம்பிப் போன. இப்பனாச்சும் கர்த்தர நம்பு."

உபவாச ஜெபத்தில் வைத்து எடுத்த எண்ணெய்ப் புட்டியைத் தலைமாட்டில் வைத்தார். தினமும் காலையில் குளித்துவிட்டு வந்து என் உச்சியிலும் நெற்றியிலும் தடவுவார். வயிற்றுக் கட்டின் மேல் விரலால் சிலுவை போடுவார். வாயில் முள் இருந்தாலும் அந்த விரலில் முள் இல்லை. அவர் தடவும்போது நான் தூங்கிப்போயிருக்கிறேன். இதையும் சொல்லாவிட்டால் நான் எழுதுவது சாட்சி ஆகாது.

ஆக்சிஜன் கொடுக்கும் இடம், எனக்கு அறுவை செய்த மருத்துவமனையின் கீழ்த்தளத்தில். ஆள் படுக்கும் நீளத்துக்குக் கண்ணாடிக் குழாய். உள்ளே படுக்கவைத்து மூடிவிட்டு, சுத்தமான ஆக்சிஜனை அழுத்தத்தோடு நிரப்புவார்கள். காது அடைக்கும். எச்சில் விழுங்கிக்கொண்டே கிடக்க வேண்டும். மூச்சு ரத்தத்தில் கரைந்து, போக வழியில்லாத இடத்துக்கும் போகுமாம். ஒவ்வொரு நாளும் உள்ளே தள்ளுவதற்கு முன், அதைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் பிரகாஷ் ஒரே மூச்சில் கேட்பார்: எண்ணெய், கிரீம், பவுடர், சென்ட், நகை, போன்? இல்லை என்பேன். தலைக்கு எண்ணெய் வைப்பதை நிறுத்தி வாரக்கணக்கில் ஆகிவிட்டது. மனதறிந்து ஒரு பொய்யும் சொல்லவில்லை. அண்ணி தடவியது எண்ணெய் என்று என் மனதில் பதியவே இல்லை. அது ஜெபம்.

அன்று அண்ணி கொஞ்சம் தாராளமாகத் தடவியிருந்தார். விளக்கு நேராக முகத்தில் அடித்தது. பிரகாஷ் மூடியில் கைவைத்தவர் நின்றுவிட்டார்.

"அம்மா, நெத்தில இன்னா மின்னுது?"

"ஜெப எண்ணெய், தம்பி."

"தெனமும் வெச்சிகினா வர்றீங்க?"

"ஆமா."

"நான்தான் தெனமும் கேக்குறேனேம்மா."

"நீங்க கேட்டது எண்ணெய்யதானே."

"அப்ப இது இன்னா?"

அவர் என் அங்கியை விலக்கிக் கட்டைப் பார்த்தார். சிலுவை போட்ட இடத்தில் கறை பரவியிருந்தது. அந்த ஆக்சிஜனுக்குள் எண்ணெய் இருந்தால் சின்னப் பொறி போதும், குழாயோடு எரியும், வெளியிலிருந்து திறக்கக்கூட நேரமிருக்காது என்றார். தினமும் கேட்டவர், ஒரு நாளும் முகத்தைப் பார்த்துக் கேட்கவில்லை. அது அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். குரலைத் தணித்துக்கொண்டு, "எனக்கும் ரெண்டு புள்ளைங்க கீதும்மா" என்றார். கட்டை மாற்றி, உச்சி முதல் சோப்புப் போட்டுக் கழுவிக்கொண்டு வந்தால்தான் மூடியைச் சாத்துவேன் என்று சொல்லிவிட்டார்.

வெளியே எட்வின் நின்றிருந்தார். சொன்னேன். அவர் அக்காவுக்குப் போன் போட்டார். பேச்சு எனக்கும் கேட்டது.

"தொடைக்காத சொல்லு. தீக்குள்ளயே நடக்கவெச்ச தேவன்டா நம்ம தேவன். அவ தொடைச்சிட்டாள்னா அப்பறம் என் மூஞ்சில முழிக்க வாணாம்."

எட்வின் அக்கா பேச்சைத் தட்டியதே இல்லை. போனைச் சட்டைப்பையில் போட்டார். நோயாளிகளின் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்து வாளியை நிரப்பினார். நர்ஸ் கட்டை அவிழ்த்து, புண்ணை மறைத்து ஒட்டிவிட்டுப் போனாள். எட்வின் என் தலையைக் குனியவைத்துத் தண்ணீர் ஊற்றினார். நான் சோப்பைத் தேய்த்தேன்.

அன்று நான் செய்த ஜெபத்தை அழகுபடுத்தாமல் எழுதுகிறேன். "ஆண்டவரே, எண்ணெய் போகிறது. நீரும் போகிறதானால் இப்போதே சொல்லிவிடும். எனக்கு ஏமாறத் தெம்பில்லை." அவ்வளவுதான். ஸ்தோத்திரம் இல்லை, கண்ணீர்கூட இல்லை. கோபம் மட்டும் இருந்தது. கண்ணில் சோப்பு எரிந்தது.

பதில் வரவில்லை. குழாய்க்குள் படுத்தேன். மூடி சாத்தப்பட்டது. காது அடைத்தது. மற்றவர்கள் சாட்சியில் சொல்வது மாதிரி வானத்து வெளிச்சம் தெரியவில்லை, குரல் கேட்கவில்லை. என் மேல் யாருடைய விரலும் இல்லை, யாருடைய வார்த்தையும் இல்லை. மூச்சு மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. நான் இழுக்கிறேனா, எனக்குள் ஊதப்படுகிறதா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆதியில் தேவன் மண்ணில் பிசைந்த மனிதனுக்கு முதலில் கிடைத்ததும் இந்த மூச்சுதானே என்று நினைத்தேன். அப்போதுதான் அழுகை வந்தது. அவர் போகவில்லை.

பிறகு ஒரு நாளும் எண்ணெயோடு போகவில்லை. அண்ணி பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். ஆடி பிறந்த சமயம் டாக்டர் கட்டைப் பிரித்தார். கறுப்பு அதற்குமேல் பரவவில்லை. அதன் ஓரம் உரிந்து, அடியில் சிவப்பாகச் சதை வந்திருந்தது. "பொழச்சிடுச்சும்மா, ஒட்ட வேணாம்" என்றார். புண் மூட ஆவணி முழுக்க ஆனது. தழும்பு கோணல். தொப்புள் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு நிற்கிறது. கண்ணாடிக்காகப் போனவளுக்குக் கண்ணாடியில் கிடைத்தது இது. ஆனாலும் தொட்டால் தெரிகிறது. தொடும்போதெல்லாம் ஸ்தோத்திரம் சொல்கிறேன்.

ஸ்தோத்திர ஆராதனையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். மைக்கைக் கொடுப்பதற்கு முன் அண்ணி காதருகே வந்தார்.

"எண்ணெயோட உள்ள போனியே, எரிஞ்சியா? அத்த சொல்லு, போதும்."

அவர் சொன்னதில் உண்மை இருந்தது. அதுதான் கசப்பு. தெரியாமல் நான் நெருப்புக்குப் பக்கத்தில் கிடந்த அந்த நாட்களிலெல்லாம் ஒரு பொறியும் பறக்காமல் காத்தவர் கர்த்தர்தான். அதை நினைத்தால் இப்போதும் முதுகு சில்லிடுகிறது. ஆனால் முன்வரிசையில் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காலில் ஆறாத புண்ணோடு ஒருத்தியும் இருந்தாள். நாளைக்கு அவளையும் அந்தக் குழாய்க்கு அனுப்பலாம். நான் பாதியைச் சொன்னால் அவள் எண்ணெயோடு போவாள்.

"தெரியாம போனேன், காப்பாத்தினார். நீங்க தெரிஞ்சி போவாதீங்க. கழுவிட்டுப் போங்க. அவர் கூட வருவார்" என்றேன்.

அல்லேலூயா வரவில்லை. மைக்கை வாங்கிக்கொண்டு பாட்டை ஆரம்பித்துவிட்டார்கள். அதனால்தான் இங்கே முழுதாக எழுதுகிறேன்.

இப்போது சபைப் பெண்கள் யாராவது ஆஸ்பத்திரிக்குப் போனால் துணைக்குப் போகிறேன். தடவியது, கட்டியது, குடித்தது எல்லாவற்றையும் டாக்டரிடம் சொல்லவைக்கிறேன். மறைத்து வைத்தால்தான் விசுவாசம் என்று நம்பிக்கொண்டு வருகிறவர்கள் எத்தனை பேர்.

அந்தச் சாட்சிக்குப் பிறகு அண்ணி இன்னும் என்னோடு பேசவில்லை. அவருக்காக ஜெபிக்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டுதான். அந்த ஜெபமும் கர்த்தரிடம் போய்ச்சேர்கிறது என்று நம்புகிறேன். பிரியமானவர்களே, மனம் இனிக்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். கசப்போடே போய் அவர் முன்னால் நில்லுங்கள். கோபம் இருந்தால் கோபத்தோடு கேளுங்கள். என்னை அவர் விரட்டவில்லை. உங்களையும் விரட்ட மாட்டார்.